ஜீலாங்கிலிருந்து மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நான் கார் வாங்கியதைச் சொன்னதும், "ஜப்பான் வண்டியா?" என்று கேட்டீர்களாம், அம்மா சொன்னாள். இல்லை மாமா, ஃபோர்டு ஃபால்கன். கம்பெனி அமெரிக்காவுடையது, வண்டி அசல் ஆஸ்திரேலியா. 2003 வருடத்து பிஏ மாடல். எஞ்சின் வார்த்தது நான் குடியிருக்கும் ஜீலாங்கில், வண்டி கட்டியது மெல்போர்ன் பக்கம் பிராட்மெடோஸில்.

1960-இல் முதல் ஃபால்கன் வந்தபோது இங்கத்திய மண் ரோட்டுக்கு முன்சக்கர பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் விடும் குண்டு மூட்டு) தாங்கவில்லை. பெயர் கெட்டுவிட்டது. பிறகு மாடலுக்கு மாடல் அடிப்பாகத்தைப் பலப்படுத்தினார்கள். 1965-இல் எக்ஸ்பி என்ற ஃபால்கன் மாடலில் ஐந்து கார்களை யூ யாங்ஸ் மலைப் பக்கத்து சோதனைத் தடத்தில் ராப்பகலாக விரட்டி, மொத்தம் 70,000 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அந்த மலை எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும்.

பின்சக்கரங்களுக்கு வெகுகாலம் நம்ம அம்பாசடர் மாதிரி பட்டை ஸ்பிரிங்தான். 1982-இல் செடானுக்குச் சுருள் கம்பி மாதிரியான காயில் ஸ்பிரிங் வந்தது. 2002-இல் பிஏ வந்தபோது எல்லா செடானுக்கும் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் மற்றது அசையாது. வேடிக்கை என்னவென்றால், அதே மாடலின் வேகனில் பட்டையை விடவில்லை. சாமான் ஏற்றுகிறவனுக்கு அதுதான் தோது போல.

பானெட்டைத் திறந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆறு சிலிண்டர் நேர்வரிசையில், கை நுழைய இடம் தாராளம். 4 லிட்டர், 182 கிலோவாட், கிட்டத்தட்ட 244 குதிரை. மேலே வால்வைத் திறக்கிற கேம் தண்டு இரண்டு, 24 வால்வு, கேமைச் சுழற்றுவது செயின். நடுமூடியைக் கழற்றினால் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தீப்பொறிக்கான தனி இக்னிஷன் காயில் உட்கார்ந்திருக்கிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்புத்தாள் வைத்து பாயின்ட் தேய்க்கிற உங்கள் வேலைக்கு இங்கே இடமில்லை!

பெட்ரோல்தான் வஞ்சனையில்லாமல் குடிக்கிறது. இங்கே டாக்ஸிக்காரர்கள் எல்பிஜி கேஸில் ஃபால்கனை ஓட்டியே பல லட்சம் கிலோமீட்டர் தாண்டினார்கள். 2016 அக்டோபர் 7-ஆம் தேதியோடு ஃபால்கன் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பாகங்களுக்குப் பஞ்சமில்லை, காயலான் கடைகளில் வரிசையாகக் கிடக்கின்றன.

நீங்கள் இங்கே வர விசா வந்ததும் டிக்கெட் போடுகிறேன். ஸ்பேனர் செட்டைக் கைப்பையில் வைக்காதீர்கள், ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். பெட்டியில் போடுங்கள். அத்தையை ஊறுகாயை நன்றாக மூடி ஒட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகன்,
குமரன்