அந்தப் படத்தைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள்

எங்கள் ஊர்த் திரைப்பட வட்டக் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த மாதத்துக்கு நான் எழுதிக் கொடுத்த ‘இன் எ லோன்லி பிளேஸ்’ படத்தைத் தள்ளிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். 1950இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், பெண்ணின் கழுத்தை நெரிக்கிறவன் கதாநாயகன் என்று காரணம் சொன்னீர்களாம். இரண்டாவது காரணத்துக்காகவே இதை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஹம்ப்ரி போகார்ட் நடித்த டிக்ஸன், ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதுகிறவன். கெட்டிக்காரன், முன்கோபி. ஒரு நாவலின் கதையைச் சொல்லச் சொல்லி அவன் வீட்டுக்கு அழைத்துவந்த பெண் அன்றிரவே கொலையாகிறாள். அவள் தனியாகத் திரும்பிப் போனதைப் பார்த்தேன் என்று பொலிஸிடம் சொல்கிறாள் பக்கத்து வீட்டு லாரல். அப்புறம் இருவருக்கும் காதல். அவனும் மறுபடி எழுத உட்காருகிறான். ஒரு நாள் வேகமாக ஓட்டிப்போய் இன்னொரு காரில் உரசுகிறான். திட்டிய இளைஞனை அடித்துப்போட்டு, கல்லையும் தூக்குகிறான். லாரல் கத்தியதால் கை நிற்கிறது. அதற்குப் பிறகு மாத்திரை போட்டால்தான் அவளுக்குத் தூக்கம்.

வேறொருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று கடைசியில் தொலைபேசி வருகிறது. மணி அடிக்கும்போது டிக்ஸனின் கை லாரலின் கழுத்தில் இருக்கிறது. முதலில் எழுதிய முடிவில் அவள் செத்துப்போகிறாள். இயக்குநர் நிக்கலஸ் ரே அதை மாற்றினார். செத்திருந்தால் ‘பாவி’ என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போயிருப்போம். இப்போது அவன் கொலைகாரன் இல்லை. ஆனாலும் அவளால் அவனோடு வாழ முடியாது.

லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்த நமக்கு இது விளங்காதா? பக்கத்துக் காம்பராவில் (அறையில்) தட்டு விழுந்தாலும் நமக்குக் கேட்கும். என் அக்கா விரும்பித்தான் கட்டினார். அத்தான் உழைப்பாளி, பிள்ளைகள் மேல் உயிர். கோபம் வந்தால் மட்டும் வேறு ஆள். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து பெரியவர்கள் கேட்டார்கள்: “குடிக்கிறதில்ல, வேற பொம்பள சகவாசம் இல்ல, அப்புறம் என்னம்மா பயம்?” பயத்துக்குச் சாட்சி கேட்ட கூட்டத்தில் நானும் வாய் திறக்காமல் இருந்தேன். அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வர ஆறு வருடம் ஆனது.

இந்தப் படம் டிக்ஸனுக்காக இரங்குகிறது, உண்மைதான். ஆனால் லாரலை அவனிடம் திருப்பி அனுப்பவில்லை. நம் படங்கள் பலவற்றில் அவன் ஒரு தடவை அழுதால் போதும், அவள் திரும்பிவிடுவாள். அதைப் பார்த்துத்தான் நம் பொடியன்கள் காதலைப் படிக்கிறார்கள்.

படம் 94 நிமிடம்தான். ஞாயிறு பின்னேரம் போட்டால் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் பேசவும் நேரம் இருக்கும். திரையின் அடியில் ஓட வேண்டிய தமிழ் வசனத்தை நானே எழுதித் தருகிறேன். முடிந்ததும் முதலில் பெண்கள் பேசட்டும். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் உறுப்பினர் ஒருவர்,
அட்டன்