பதிவேடும் பதினேழு பியும்

மண்டபம்,
தடைக்காலத்தின் மூன்றாம் வாரம்.

அன்புத் தோழிக்கு,

கலிஃபோர்னியாவிலிருந்து உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மூட்டுவலியால் எழுத முடியவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். உண்மையில், நீ கேட்டிருந்த கேள்விக்குப் பதில் என்னிடம் தயாராக இல்லை. "உங்கள் ஊரில் ஒரு நர்ஸ் பெருந்தவறு செய்தால் அவளுடைய பதிவை யார் பறிப்பார்கள், எத்தனை நாளில்?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். முப்பத்துநான்கு ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்து, கடைசி ஆறு ஆண்டுகள் கண்காணிப்பாளராகவும் இருந்த எனக்கு அது உடனே சொல்லவேண்டிய பதில்தான். யோசித்துப் பார்த்தபோது, என்னோடு வேலை பார்த்த ஒருவருடைய பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியதாகச் சொல்லும் ஒரு கடிதத்தைக்கூட நான் பணிக்காலத்தில் கண்ணால் பார்த்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது.

தண்டனையே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. பதினேழு ஏ, பதினேழு பி என்ற இரண்டு விதிகளைக் கேட்டாலே நமக்கு எப்படி அடிவயிறு கலங்கும் என்பதை நீ மறந்திருக்கமாட்டாய். சிறு தவறுக்கு முன்னது, பெருந்தவறுக்குப் பின்னது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும், விளக்கம் எழுதவேண்டும், விசாரணை அதிகாரி வருவார், ஊதிய உயர்வு நிற்கும், பணிநீக்கம்கூட நேரும். ஆனால் அவை தமிழ்நாடு அரசு ஊழியர் அனைவருக்கும் உரிய விதிகள். கிராம நிர்வாக அலுவலருக்கும் அதே பதினேழு பிதான். அரசு என்ற முதலாளி தன் ஊழியரைத் தண்டிக்கிறதே ஒழிய, நர்சிங் என்ற தொழில் தன்னைச் சேர்ந்தவரைக் கேள்வி கேட்பதில்லை. வேலை போனாலும், நர்ஸுகளைப் பதிவு செய்யும் மாநிலக் கவுன்சில் கொடுத்த எண் கையில் இருக்கும். தனியார் மருத்துவமனையிலோ இந்த அளவு நடைமுறைகூடக் கிடையாது. "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

அப்படி முடிந்ததன் விளைவை நானே ஒருமுறை பார்த்தேன். வலிநிவாரண ஊசி மருந்தை நோயாளிக்குப் போட்டதாகக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுத் தனக்கே போட்டுக்கொண்ட ஒரு பெண்ணை, தனியார் மருத்துவமனை ஒன்று வெளியே அனுப்பியது. தங்கள் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி, "நடத்தை நன்று" என்று அனுபவச் சான்றிதழும் கொடுத்தே அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் அவள் வேறொரு ஊரில் இரவு ட்யூட்டியில் இருந்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது சிகிச்சை, அடுத்த வார்டுக்குத் தேவைப்பட்டது எச்சரிக்கை, இரண்டுமே கிடைக்கவில்லை. உங்கள் நாட்டிலும் இதன் கொடிய வடிவம் நடந்ததே. சார்லஸ் கல்லன் என்ற நர்ஸ் நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் பதினாறு ஆண்டுகளில் ஒன்பது மருத்துவமனைகளில் வேலை பார்த்து, நோயாளிகளைக் கொன்று, 2003 டிசம்பரில்தான் பிடிபட்டான். சந்தேகப்பட்ட இடங்கள்கூட அவனை அனுப்பிவைத்துவிட்டு வாய்மூடி இருந்தன. அதற்குப் பிறகு, 2005இல்தான், இப்படிப்பட்ட செய்திகளை மருத்துவமனைகள் மறைக்கக்கூடாது என்று நியூ ஜெர்சி சட்டம் இயற்றியது.

நர்ஸுகளுக்கு உரிமம் கொடுக்கும் உங்கள் கலிஃபோர்னியா வாரியத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். எல்லாம் ஒழுங்காக நடக்கும் இடம் என்று நான் நினைத்திருந்த ஊரில், ஒரு புகாரை விசாரித்து முடிக்கச் சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்பதை லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழும் புரோபப்ளிகா செய்தி நிறுவனமும் 2009 ஜூலையில் வெளிக்கொண்டுவந்ததும், மறுநாளே ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் வாரிய உறுப்பினர்களில் பெரும்பாலோரை மாற்றியதும் எனக்குப் புதிய செய்தி. அந்த மூன்று ஆண்டுகளும் குற்றம் செய்தவர் வேலையில் இருந்தார் என்பதைப் பத்திரிகைகள் சரியாகவே எழுதின. ஆனால் குற்றம் செய்யாதவரும் அதே மூன்று ஆண்டுகள் தலைக்கு மேல் கத்தியோடுதான் இருந்திருப்பார். பதினேழு பி நிலுவையில் இருந்ததாலேயே பதவி உயர்வு இழந்து, பணி ஓய்வுக்கு முதல் வாரம் "குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை" என்ற ஆணையைப் பெற்ற ஒரு சிஸ்டரை எனக்குத் தெரியும். அந்த ஆணையை அவர் என்ன செய்வார்?

அதைவிட வியப்பானது, உங்கள் வாரியமே சில வாரங்கள் இல்லாமல் போனது. குறித்த காலத்துக்குள் சட்டமன்றம் ஆயுளை நீட்டிக்காவிட்டால் வாரியம் தானாகக் காலாவதியாகிவிடும் என்ற விதி இருந்திருக்கிறது. நீட்டிப்பு மசோதாவில் புலனாய்வாளர்களின் ஓய்வூதியம் பற்றிய ஒரு பிரிவு நுழைந்ததால், 2011இல் ஆளுநர் ஜெரி பிரவுன் அதை நிராகரித்தார். 2012 புத்தாண்டன்று வாரியம் இல்லை. பிப்ரவரியில் புதுச் சட்டம் இயற்றி மீட்டார்கள். ஓய்வூதியச் சண்டைக்கு நர்ஸ் வாரியமா பலி என்று நீ எரிச்சலோடு எழுதியிருந்தாய். எனக்கோ சற்றுப் பொறாமைதான். 1926ஆம் ஆண்டின் மதராஸ் நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டத்தில் பிறந்த நம் மாநிலக் கவுன்சிலை, "நீ இன்னும் தேவைதானா, என்ன செய்தாய்?" என்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சட்டமன்றம் கேட்டிருந்தால், பதில் சொல்வதற்காகவாவது கணக்கு வைத்திருப்பார்கள் அல்லவா?

அந்தச் சட்டம் பெயரைச் சேர்க்கும் அதிகாரத்தோடு நீக்கும் அதிகாரத்தையும் சேர்த்தேதான் கொடுத்தது. சேர்ப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். படிப்பு முடிந்ததும் நீயும் நானும் மதுரையிலிருந்து இரவு ரயிலில் சென்னைக்குப் போய், வரிசையில் நின்று, ஆர்.என்., ஆர்.எம். என்ற நர்ஸ், மருத்துவச்சிப் பதிவு எண்களை வாங்கிக்கொண்டு கடற்கரையில் சுண்டல் தின்றோமே! இப்போது அதைப் புதுப்பிக்க ஐந்தாண்டில் 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் விதித்திருக்கிறது. உங்களுக்கு இரண்டாண்டில் 30 மணி நேரம்தானாமே. ஏட்டுக் கணக்கில் நாங்கள் உங்களைப் போல் இருமடங்கு படிக்கிறோம்! கருத்தரங்கில் மதியச் சாப்பாடு முடிந்ததும் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்பதை மட்டும் என்னிடம் கேட்காதே.

இப்போது 2023இல் தேசிய நர்சிங், மகப்பேறு உதவிப்பணி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. 1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தை நீக்கி, 29 பேர் கொண்ட தேசிய ஆணையம், மாநிலந்தோறும் ஓர் ஆணையம், ஒழுக்கத்துக்கும் பதிவுக்கும் தனி வாரியம், நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடு என்று அமைக்க அதில் வகை செய்திருக்கிறார்கள். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டுவரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதம். பழைய கவுன்சிலில் மாநில நர்ஸுகள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இடம் இருந்தது, புதியதில் நியமனம் மிகுதி என்பது சங்கத்தாரின் குறை. அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் என் கவலை வேறு. இந்த மாநிலத்தில் நர்ஸுகளை வேலைக்கு வைத்திருக்கும் பெரிய முதலாளியும் அரசு, நியமனத்தின் மூலம் நீதிபதியை அமர்த்துவதும் அரசு. பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சிலே எழுதிவைத்திருக்க, இரவில் ஐம்பது கட்டிலை ஒருத்தி பார்க்கும்போது தவறு நடந்தால், அந்த ஐம்பதையும் சேர்த்தா விசாரிப்பார்கள்?

டென்னசி மாநில நர்ஸ் ரடோண்டா வாட் வழக்கை நீ குறிப்பிட்டிருந்ததால்தான் இதைக் கேட்கிறேன். 2017 டிசம்பரில் மருந்துப் பெட்டக இயந்திரத்தில் இரண்டு எழுத்துகளைத் தட்டி, மயக்க மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார், நோயாளி இறந்தார், தவறைத் தானே ஒப்புக்கொண்டார். 2018இல் நடவடிக்கை தேவையில்லை என்று முடித்த அதே மாநில வாரியம், அரசு வழக்கறிஞர்கள் குற்றவழக்குப் போட்ட பிறகு திரும்பிவந்து, 2021 ஜூலையில் உரிமத்தைப் பறித்தது. 2022இல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்து, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டது. உரிமம் போனது சரிதான் என்பது என் எண்ணம், நீ கோபித்தாலும் சரி. எச்சரிக்கைச் சொல் அச்சிட்ட மூடியைப் பார்க்காமல் திறப்பவரை நான் வார்டில் வைத்திருக்கமாட்டேன். ஆனால் ஒரே உண்மைகளை வைத்துக்கொண்டு முதலில் ஒன்றுமில்லை என்றும் பிறகு எல்லாமே என்றும் சொன்ன வாரியத்தை யார் விசாரிப்பது?

உனக்குத் தெரியாத ஒன்றையும் இப்போது சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒரே பெயருடைய இரண்டு பேர் படுத்திருந்தபோது, ஒருவருக்கான ஊசியை மற்றவருக்குப் போட்டுவிட்டேன். நடுங்கிக்கொண்டே போய்த் தலைமைச் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் டாக்டரைக் கூப்பிட்டார், கேஸ் ஷீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதவைத்தார், விடியும்வரை அந்தக் கட்டிலருகே என்னை உட்காரவைத்தார். நோயாளி பிழைத்தார். மெமோ வரவில்லை. வந்திருந்தால் அடுத்த முறை உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை.

இங்கே இப்போது என்னை அரிப்பது வேறொரு செய்தி. இரண்டு தெரு தள்ளி ஒரு சிறு மருத்துவமனை. டாக்டர் மாலையில் மட்டும் வருவார். பகல் முழுதும் ஊசியும் டிரிப்ஸும் போடுவது பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு, கடைமாடியில் நடக்கும் ஏதோ ஓர் ஆறு மாதப் பயிற்சி. ஊரே அவளை "நர்ஸம்மா" என்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் வைத்தபோது நான் போய், "உன் கவுன்சில் நம்பர் என்னம்மா?" என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்துக்கொண்டு, "யாரோட நம்பர் அத்தை?" என்றாள். அப்பா நாட்டுப்படகுக்காரர், அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். வீட்டில் மாதம் தவறாமல் வருவது அவள் சம்பளம் மட்டும்தான். நான் புகார் எழுதினால் அந்தச் சட்டத்தின் ஐந்து லட்சம் யார் தலையில் விழும்?

இந்தக் கரையில் மேற்பார்வை என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இல்லை. விசைப்படகுக்குப் பதிவு எண் இல்லாவிட்டால் கடலுக்குப் போக முடியாது. டோக்கன் வாங்கித்தான் போகவேண்டும். இப்போது, தடைக்காலத்தில், மீன்வளத் துறையினர் படகு படகாக ஏறி ஆய்வு செய்கிறார்கள். ஊசி பிடிக்கும் கைக்கு அப்படி யாரும் வருவதில்லை. உரிமம் இல்லாமல் மனநல இல்லங்கள் நடந்துகொண்டிருந்த ஏர்வாடியும் இதே கரைதான். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்த பிறகு, ஒரே வாரத்தில் அத்தனை இல்லங்களையும் மூட அரசால் முடிந்தது. அதற்கு முதல் மாதம் முடியாமல் போனது ஏன் என்று அன்று இங்கே எல்லோரும் கேட்டோம்.

ஆகவே புகார் எழுதத்தான் போகிறேன், ஆனால் மருத்துவமனையின் மேல். பதிவு பெற்ற நர்ஸ் ஒருவரும் இல்லாமல் நடத்துகிறார்கள் என்று மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு ஒரு கடிதம், நகல் கவுன்சிலுக்கு. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இரண்டாண்டு ஏ.என்.எம். என்ற துணை நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் சான்றிதழை நேற்று கொண்டுவந்து காட்டினாள், பரவாயில்லை. என் கடிதத்தில்தான் வேலை போகப்போகிறது என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வாரியத்தின் புகார்ப் படிவத்தில் என்னென்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் எடுத்து எழுதி அனுப்பு. நான் எழுதப்போவதில் எதுவும் விட்டுப்போகக்கூடாது.

என்றும் உன்
பழைய விடுதி அறைத்தோழி