கட்டு மாற்றும் அறையில் மனத்துக்கும் மருந்து வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோறு வடிக்கும்போது கொதிக்கும் கஞ்சி காலில் கொட்டியதால், என் தாயார் மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுவார்கள். உள்ளே இருப்பவரின் அலறலைக் கேட்டபடியே வெளியே பெஞ்சில் காத்திருந்த அவருக்கு, கட்டைத் தொடுவதற்கு முன்பே உடல் நடுங்கத் தொடங்கிவிடும். "இதுக்கே இப்படிக் கத்தினா எப்படிம்மா?" என்ற அதட்டல் வேறு.

இரண்டாவது வாரம் வேறொரு செவிலியர் வந்தார். ஒட்டிக்கொண்ட துணியில் உப்புநீர் ஊற்றி, அது ஊறும்வரை, "உங்க ஊர்க் குளத்துல எத்தனை படிம்மா?" என்று பேச்சுக் கொடுத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, பாசி வழுக்கும் நான்காம் படியையும், கணுக்காலைத் தொடும் தண்ணீரின் குளிர்ச்சியையும் சொல்லிக்கொண்டே போனார். வலி இல்லாமல் போகவில்லை. ஆனால் என் கையை இறுகப் பற்றியிருந்த அவர் விரல்கள் தளர்ந்தன. மாத்திரை மாறவில்லை.

இது வெறும் ஆறுதல் பேச்சு அன்று. வலிச் செய்தி தண்டுவடத்தைக் கடக்கும்போதே கதவு போன்ற ஓர் அமைப்பு அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்றும், மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளுக்கும் அதில் பங்குண்டு என்றும் வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் எழுதினார்கள். அக்கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும், அச்சமும் கவனமும் வலியை மாற்றும் என்பது நிலைத்துவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், தீக்காயம் பட்டவர்கள் சிகிச்சையின்போது கண்ணில் கருவி மாட்டிக்கொண்டு பனிப்பந்து எறியும் மெய்நிகர் விளையாட்டை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கினார்கள். அதில் ஆழ்ந்தவர்கள் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். அங்கே பனி, இங்கே குளத்துத் தண்ணீர்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மனத்தைத் திருப்புவது வலிமருந்துக்குத் துணையே தவிர மாற்று அன்று. "தைரியமா இருந்தா வலிக்காது" என்று நோயாளியையே குற்றவாளியாக்க இதை எடுத்துக்கொண்டால், அது பெருங்கொடுமை.

காத்திருக்கும் பெஞ்சை அலறல் கேட்காத இடத்துக்கு மாற்றுவதற்கும், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டிச் சொல்வதற்கும், கை தூக்கினால் சற்று நிறுத்துவதற்கும், உறவினர் ஒருவரைத் தலைமாட்டில் உட்கார விடுவதற்கும் பெரிய செலவு ஆகாது. செவிலியர் பயிற்சியில் இவற்றைச் செய்முறையாகவே கற்பிக்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். குழந்தைகள் வார்டிலிருந்து தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி.