தப்பு விரலில் இல்லை என்று சொன்னவருக்கு

கீபோர்டில் நான் வாசித்துக் கணினியில் பதிந்ததெல்லாம் மூன்று வாரமாகத் தாளம் தப்பியே விழுந்ததும், உங்களிடம் உதவி கேட்டதும் உங்களுக்கெல்லாம் தெரியும், அந்தக் கதையைத் திரும்ப இழுக்கவில்லை. நேற்று ராத்திரி பாட்டை முடித்து அனுப்பிவிட்டேன், கீபோர்டு நான் வாசித்தபடியே தாளத்தில் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

கூப்பிட்டதும் வந்தவர்கள் நிறையப் பேர். யுஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கணினியில் செருகச் சொன்னவர், கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 1024 சாம்பிளிலிருந்து 128-க்கு இறக்கச் சொன்னவர் (44,100 ஹெர்ட்ஸில் தாமதம் 23 மில்லிசெகண்டிலிருந்து 3 ஆகிறது, விரலுக்கே தெரிந்தது), ஒவ்வொரு சுரத்துக்கும் நேரம் குறிக்கும் டைம்ஸ்டாம்ப் அமைப்பை மாற்றிப் பார்க்கச் சொன்னவர், "குவாண்டைஸ் போட்டுட்டுத் தூங்குங்க" (தப்பிய சுரங்களைக் கணினியே தாளத்துக்கு இழுத்துவிடும்) என்றவர், எல்லாருக்கும் நன்றி. கடைசி ஆளுக்கும்தான்.

ஆனால் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்லணும். பெயர் போட வேண்டாம் என்றார். கட்டைக்குப் பக்கத்தில் ஒரு மைக்கை வைத்து, விரல் படும் 'டக்' சத்தத்தையும், எந்தச் சுரம் எப்போது அழுத்தப்பட்டது என்று கீபோர்டு கணினிக்கு அனுப்பும் மிடி செய்தியையும், தாளம் தட்டும் மெட்ரோனோமோடு சேர்த்துப் பதியச் சொன்னார். டக்குக்கும் மிடிக்கும் இடைவெளி மாறாமல் இருந்தால் அது வெறும் தாமதம், தடத்தை முன்னால் நகர்த்தினால் சரியாகிவிடும். தட்டுக்குத் தட்டு மாறினால்தான் வியாதி. வலது கையால் மட்டும் தட்டினேன், இடைவெளி அசையவில்லை. இப்போ இடது கையில் மூன்று சுரங்களை அழுத்திப் பிடிச்சுக்கிட்டுத் தட்டுங்க என்றார். ஒருமுறை 6 மில்லிசெகண்டு, அடுத்தது 11, அப்புறம் 7. அழுத்திய விரல்களிலிருந்து ஆஃப்டர்டச் செய்திகள் (கட்டையைப் பிடித்திருக்கும்போது அழுத்தம் எவ்வளவு என்று சொல்பவை) கொட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. 1983-இல் வந்த அந்த ஐந்து முள் மிடி கேபிளில் நொடிக்கு 31,250 பிட்தான் போகும், ஒரு சுரம் கடக்கவே ஏறக்குறைய 1 மில்லிசெகண்டு. அதே கேபிளில் இன்னொரு கருவியையும் வேறு நான் சேர்த்துவிட்டிருந்தேன். அந்த வரிசையில்தான் என் வலது கை நின்றுகொண்டிருந்தது.

இதைக்கூட வேறு யாராவது கண்டுபிடித்திருக்கலாம். அவர் என் பதிவில் இருந்த 200 தட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி அளந்து, விடிவதற்குள் பட்டியலாக எழுதி அனுப்பியிருந்தார், கீழே ஒரே வரி: "டக் சத்தமெல்லாம் மெட்ரோனோமோட ஒட்டித்தான் விழுது, உங்க கை நல்லாத்தான் இருக்கு." மூன்று வாரமாக எனக்கு வாசிப்பே போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

ஆஃப்டர்டச்சை வடிகட்டியாச்சு. இனி யாராவது தாளம் தப்புது என்று வந்தால், பயிற்சி பண்ணு என்று வாயைத் திறப்பதற்கு முன் மைக்கை எடுத்து வைப்பேன். அந்தப் பட்டியலை அச்செடுத்துக் கீபோர்டுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். 143-ஆவது தட்டு மட்டும் நிஜமாகவே நான் பிந்தியது, அதைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறார்.