ஹெலிகாப்டர் பெட்டிய பிரிச்ச உடனே பறக்க விட்டுறாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் பொள்ளாச்சி பக்கம் மோட்டார் காயில் கட்டுற கடை வெச்சிருக்கேன், உங்க பேப்பர தினமும் கடையில வாங்குறோம், லெட்டர் எழுதுறது இதான் முதல் தடவ, தப்பிருந்தா திருத்தி போட்டுக்கோங்க.

லீவு விட்டா போதும் பசங்க ரிமோட் ஹெலிகாப்டர் கேக்குறாங்க. போன வருஷம் எங்க அக்கா பையன் அடம் புடிச்சு ஒண்ணு வாங்குனான், கடைய பேர் சொல்ல விரும்பல, பெட்டியில 'ரெடி டு ஃப்ளை'ன்னு பெருசா போட்டிருந்துச்சு. 450 சைஸ்னு சொல்லுவாங்க, பெரிய றெக்கை நுனிக்கு நுனி 70 சென்டிமீட்டர், எடை முக்கா கிலோ வரும். பேட்டரிய சார்ஜ் போட்டான், எங்க வீட்டு பின்னாடி வாசல்ல வெச்சான், த்ராட்டில (வேகம் ஏத்துற ஸ்டிக்க) தூக்குனான். தரைய விட்டு ஒரு சாண் கூட எழும்பல, அப்பிடியே பம்பரம் மாதிரி சுத்தி சாஞ்சு துவைக்கிற கல்லுல அடிச்சுது. றெக்கை ஒடைஞ்சு அதுல ஒரு துண்டு தண்ணி ட்ரம்ல குத்திகிட்டு நின்னுச்சு, ட்ரம்முக்கு மூணடி தள்ளி அவன் தங்கச்சி நின்னுட்டு இருந்தா. அக்கா அன்னிக்கி போட்ட சத்தம் இன்னும் காதுல கேக்குது.

அப்புறம் தான் நான் உக்காந்து அத பிரிச்சு பாத்தேன். தப்பு எங்கன்னா கைரோங்கற குட்டி கருவியில. மேல இருக்குற பெரிய றெக்கை ஒரு பக்கம் சுத்துனா பாடி அதுக்கு எதிர்பக்கம் சுத்த பாக்கும், நம்ம மோட்டார தரையில போல்ட் போடாம ஸ்டார்ட் பண்ணா ஒரு உதறு உதறும்ல அதே சங்கதி தான். அத புடிச்சு நிறுத்துறதுக்கு தான் வால்ல ஒரு சின்ன றெக்கை, எவ்ளோ புடிக்கணும்னு நொடிக்கு நொடி சொல்றது கைரோ. இதுல கைரோவோட திசை சுவிட்ச் உல்டாவா இருந்துச்சு, அதனால நிறுத்துறதுக்கு பதிலா இன்னும் வேகமா சுத்தி விட்டுருக்கு. பெட்டியில போட்டு அனுப்புனவங்க யாரும் ஒரு தடவ கூட பாக்கலைங்க.

இத பறக்க விடாமயே கண்டுபிடிக்கலாம்ங்க, ரெண்டு நிமிஷ வேலை. முதல்ல மோட்டாருக்கு போற மூணு வயரையும் கழட்டிருங்க (நம்ம த்ரீ ஃபேஸ் மாதிரியே தான், ரெண்ட மாத்தி குடுத்தா ரிவர்ஸ்ல ஓடும், அதனால கழட்டும்போதே அடையாளம் வெச்சுக்கோங்க), முனைங்க ஒண்ணோட ஒண்ணு படாம டேப் சுத்திருங்க, இப்ப எந்த பட்டன தொட்டாலும் றெக்கை சுத்தாது. ரிமோட்ட ஆன் பண்ணி அப்புறம் பேட்டரி குடுங்க. வலது பக்கம் திரும்புற ஸ்டிக்க தள்ளி வால் றெக்கையோட கோணத்த மாத்துற ஸ்லைடர் எந்தப் பக்கம் நகருதுன்னு பாத்து வெச்சுக்கோங்க. ஸ்டிக்க விட்டுட்டு ஹெலிகாப்டர் மூக்க கையால வெடுக்குன்னு இடது பக்கம் திருப்புங்க. இப்பவும் ஸ்லைடர் அதே பக்கம் தான் நகரணும், ஏன்னா மூக்க திரும்பவும் வலது பக்கம் கொண்டு வரத்தான் அது பாடுபடணும். மாறி நகந்துச்சுன்னா கைரோ ரிவர்ஸ், சுவிட்ச மாத்தாம வயர மாட்டவே மாட்டாதீங்க.

அடுத்தது ஸ்க்ரூ. இரும்போட இரும்பு சேர்ற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழட்டி ஒரு சொட்டு நீல கலர் த்ரெட் லாக் (ஸ்க்ரூ கழளாம புடிக்கிற பசை) விட்டு முடுக்கணும், பிளாஸ்டிக்குல மட்டும் அது படக்கூடாது, வெடிப்பு விட்டுரும். எங்க ஹெலிகாப்டர்ல றெக்கைய புடிச்சிருக்குற ரெண்டு போல்ட்டுல ஒண்ணு விரல்லயே திரும்புச்சு, எனக்கு கை நடுங்கிருச்சு. றெக்கை நுனி ஒரு தடவ சுத்துனா 2.2 மீட்டர் போகுது, நிமிஷத்துக்கு 2500 சுத்துன்னு வெச்சா கணக்கு போட்டு பாருங்க, மணிக்கு 330 கிலோமீட்டர் வேகம், அந்த வேகத்துல கழண்டு வந்தா என்ன ஆகும். அதுக்காக அந்த போல்ட்ட இறுக்கியும் தள்ளிறக்கூடாது, ஹெலிகாப்டர சாச்சு புடிச்சா றெக்கை அப்பிடியே நிக்கணும், லேசா உதறுனா தான் எறங்கணும், அது தான் பதம். றெக்கையில மயிரிழை கீறல் இருந்தா கூட தூக்கி போட்டுட்டு ஜோடியா புதுசு மாட்டுங்க, ஃபெவிகுயிக் போட்டு ஒட்டி ஓட்டுறவங்கள பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேணாம்.

பேட்டரியும் அப்பிடித்தான். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் தான் ஃபுல், மூணு செல்லுன்னா 12.6, அதுக்கு மேல ஏத்தக்கூடாது, 3.3க்கு கீழ எறக்கவும் கூடாது, உப்பிப்போனத தொடவே தொடாதீங்க. கட்டில் மேல மெத்தை மேல வெச்சு சார்ஜ் போட்டுட்டு தூங்கப் போறது எல்லாம் ரொம்ப தப்பு, நான் மண் சட்டியில வெச்சு பக்கத்துலயே உக்காந்துக்குவேன்.

வெளிய எடுத்துட்டு போனா, ஆடி மாசத்துல எங்க ஊர் பக்கம் வேணவே வேணாம், பாலக்காட்டு கணவாய் காத்து அம்மியவே தூக்கும், முக்கா கிலோ எம்மாத்திரம். விடியக்காலைல காத்து அடங்கி இருக்கும், அப்ப ஆளில்லாத மைதானத்துக்கு போங்க. தூரத்துல சிக்னல் எடுக்குதான்னு பாத்துக்கோங்க. எப்பவும் ரிமோட் தான் முதல்ல ஆன், கடைசியா ஆஃப், த்ராட்டில் ஹோல்டு (மோட்டார் ஓடாம நிறுத்தி வெக்குற சுவிட்ச்) போட்டுட்டு தான் பக்கத்துல போகணும். முதல் தடவ சுத்த விடும்போது நல்லா தள்ளி நில்லுங்க, ரெண்டு றெக்கை நுனியும் ஒரே கோட்டுல போகுதான்னு தூரத்துல இருந்தே பாக்கலாம், ஒரு நுனியில கலர் டேப் ஒட்டுனா எது ஏறி போகுதுன்னு தெரிஞ்சுரும்.

அப்புறம் 2021ல வந்த ட்ரோன் ரூல்ஸ் இதுக்கும் பொருந்தும். 2 கிலோவுக்குள்ள சும்மா பொழுதுபோக்குக்கு ஓட்ட பைலட் லைசென்ஸ் வேணாம், ஆனா அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை வெப்சைட் மேப்புல சிவப்பு இடம் (அனுமதி இல்லாம ஓட்டக்கூடாது) எது பச்சை இடம் எதுன்னு பாத்துட்டு தான் ஓட்டணும், கோயம்புத்தூர் ஏர்போர்ட் பக்கமும் சூலூர் ஏர்ஃபோர்ஸ் பக்கமும் இருக்குறவங்க இத மறக்காதீங்க.

வெளையாட்டு சாமான் தானேன்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 2013 செப்டம்பர்ல நியூயார்க் புரூக்ளின்ல ஒரு பார்க்குல 19 வயசு பையன் அவன் ஓட்டுன ஹெலிகாப்டர் றெக்கையே பட்டு அங்கேயே எறந்து போனான், அது இதவிட பெருசு, பையனும் புதுசா ஓட்டுனவன் இல்ல. சின்ன புள்ளைங்களுக்கு உள்ளங்கை அளவுல ரெண்டு றெக்கை ஒண்ணு மேல ஒண்ணா வர்றது இருக்கு, அத வாங்கி குடுங்க. இன்ஃப்ராரெட் ரிமோட்டுன்னா வெயில்ல சரியா வேலை செய்யாது, வீட்டுக்குள்ள தான்.

என் கோரிக்கை ரெண்டு. எங்க பெட்டியில வந்த புக்குல சீன மொழியும் பொடி எழுத்துல இங்கிலீஷும் தான் இருந்துச்சு, 14 வயசு பையன் அத படிச்சு கைரோவ புரிஞ்சுக்குவானா? விக்கிற கடைக்காரங்க தமிழ்ல ஒரே ஒரு தாள் அடிச்சு பெட்டியோட குடுக்கணும். ரெண்டாவது, நீங்க உங்க மாணவர் பக்கத்துல லீவு ஆரம்பிக்குறதுக்குள்ள அந்த கைரோ செக்க படத்தோட போடுங்க, படம் வேணும்னா என் கடை டேபிள்லயே வெச்சு எடுத்து அனுப்புறேன்.

எங்க மாப்ள இப்ப நல்லா ஓட்டுறான். மூக்க திருப்பி பாத்தியாடான்னு நான் கேக்குறதுக்கு முன்னாடியே "பாத்துட்டேன் மாமா, போல்ட்டும் பாத்துட்டேன்"ங்கறான். தங்கச்சி மைதானத்து ஓரத்துல வேப்பமரத்துக்கு பின்னாடி நின்னு தான் பாக்கணும்னு அவனே சொல்லி வெச்சிருக்கான்.

இப்படிக்கு
மோட்டார் மெக்கானிக் வாசகர்,
பொள்ளாச்சி