முதல் திரையில் கேட்கிற கேள்வி

பாளையங்கோட்டை
ஐப்பசி, மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சங்கரா,

2023 டிசம்பர் வெள்ளத்தில் கொக்கிரகுளத்துக் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று ஜெராக்ஸ் மிஷின் இரண்டும் போனபோது, நான் வாய் திறந்து கேட்காமலே பணம் அனுப்பினாய். "வந்து சேர்ந்தது" என்று ஒரு வரி போட்டதோடு சரி, அதற்கப்புறம் உனக்கு ஒழுங்காக ஒரு கடிதம் எழுதவில்லை. அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் பேசலாம் என்றால் நான் கடை பூட்டும் நேரம் டொரண்டோவில் நீ வேலையில் இருக்கிற நேரம். கலெக்டர் ஆபீஸ் மனுக் கூட்டம் நேற்றுத் திங்கட்கிழமையோடு முடிந்தது, இன்று மழைக்கு ஒரு ஆளும் இல்லை. மதியமே ஷட்டரை இறக்கிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா சுகம். முழங்கால் வலி மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். பெரியவன் நாகர்கோவிலில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போகிறது. முருகன்குறிச்சி நெட் சென்டர் அண்ணாச்சியை ஆயிரத்தம்மன் சப்பரத்தின்போது பார்த்தேன். உன்னைக் கேட்டார். நீ வைத்துவிட்டுப் போன பாக்கியையும் மறக்காமல் கேட்டார். 35 ரூபாய். கொடுத்துவிட்டேன், கணக்கில் வைத்துக்கொள்.

அவரைப் பார்த்ததும் நீ அந்த நெட் சென்டரில் கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்தது. டயாப்லோ 2 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடுவோமே, ராத்திரி பத்து மணிக்கு அண்ணாச்சி மெயினை ஆஃப் செய்கிற வரைக்கும். அந்த ஆட்டத்தில் நாம் எடுக்கிற பாத்திரம் ஆணா பெண்ணா என்று தனியாகக் கேட்க மாட்டான். பார்பேரியன் என்றால் ஆண், அமேசான் என்றால் பெண், அவ்வளவுதான். நீ எப்போதும் பார்பேரியன். நான் எப்போதும் வில்லும் ஈட்டியுமாக அமேசான். "ஏம்லே எப்பப் பார்த்தாலும் பொம்பளையவே எடுக்க?" என்று நீ கேட்டாய். மொத்த சென்டரும் திரும்பிப் பார்த்தது. "மணிக்கணக்கா முதுகைப் பார்த்துக்கிட்டே நடக்கணும், அழகா இருந்தா நல்லதுதானே" என்று சொல்லிச் சமாளித்தேன். உலகம் பூராவும் ஆம்பிளைகள் சொல்கிற பதில் அதுதான் என்பது பிற்பாடு தெரிந்தது. நான் சொன்னது பொய், சங்கரா. உண்மையான பதிலை இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதம் அதே கேள்வியை நான் என் சின்னவளிடம் கேட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதலில் என் பதில். ஆண் பாத்திரத்தை எடுத்தால் அரை மணி நேரத்தில் அவன் நானாகிவிடுகிறான். என் கோபம், என் அவசரம், யாராவது எதிர்த்துப் பேசினால் உடனே கையை ஓங்குகிற என் புத்தி, எல்லாம் அவனுக்கும் வந்துவிடும். பெண்ணை எடுத்தால் ஒரு அடி தள்ளி நிற்கிறேன். "இவள் என்ன செய்வாள்?" என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மாஸ் எஃபெக்ட் விளையாட்டு உனக்குத் தெரியும். அதில் நாம் ஆடுகிற கமாண்டர் ஷெப்பர்ட் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். வசனம் பெரும்பாலும் ஒன்றேதான். ஆணுக்கு மார்க் மீர் குரல், பெண்ணுக்கு ஜெனிஃபர் ஹேல் குரல். 2007-ல் வந்த முதல் பாகத்தில் விர்மைர் என்ற கிரகத்தில் இரண்டு தோழர்களில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும், மற்றவர் அங்கேயே சாக வேண்டும். ஆணாக ஆடியபோது கணக்குப் போட்டு ஒரு நொடியில் பட்டனை அமுக்கினேன். பெண்ணாக ஆடியபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் பத்து நிமிஷம் நின்றேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை. அப்பா தவறியபோது மூத்த மகன் என்று கொள்ளி வைத்ததிலிருந்து பதினாறாம் நாள் வரை எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வந்தவர்களுக்குப் பந்தி கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது. எல்லோரும் ஊருக்குப் போன ராத்திரி, சும்மா டிவியைப் போட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தேன். அந்தப் பெண் ஷெப்பர்ட் யாருக்கோ ஆறுதல் சொல்கிற ஒரு சாதாரண இடம். அங்கே உடைந்து அழுதேன். என் சொந்தக் குரலில் அந்த ஆறுதலை நான் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன். இதுதான் நீ கேட்டதற்குப் பதில். அமேசானை எடுத்த வயதில் இதை எனக்கே சொல்லத் தெரியாது.

இதில் நான் ஒன்றும் தனி ஆளில்லை. 2011 வாக்கில் மாஸ் எஃபெக்ட் கம்பெனிக்காரர்களே பெண் ஷெப்பர்டை ஆடியவர்கள் 18 சதவீதம் என்று சொன்னார்கள். அட்டைப் படம், விளம்பரம் எல்லாவற்றிலும் ஆண்தான் நின்றான், யாருக்கு அவள் கண்ணில் படுவாள்? மூன்று பாகங்களையும் 2021-ல் புதுப்பித்து வெளியிட்டபோது அது 32 சதவீதம் ஆகியிருந்தது.

சரி, சின்னவள் கதைக்கு வருகிறேன். மச்சினன் மகன் இந்தத் தடவை குலசை தசராவுக்குக் காளி வேஷம் கட்டினான். மாலை போட்டு விரதம் இருந்து, காப்புக் கட்டி, சிவப்புச் சேலை, கிரீடம், முகமெல்லாம் சாயம். காணிக்கை பிரிக்க நம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான். பத்தொன்பது வயசுப் பையன். அம்மா அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஏன் காளி என்று சின்னவள் கேட்டதற்கு "நேர்ச்சை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. நம் ஊரில் யார் கேட்பார்கள்? சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்து ஆடுகிற இரண்டு பேரும் பெண் வேஷம் கட்டிய ஆண்கள்தானே. அண்ணாவி பாட, மகுட மேளம் அடிக்க, விடிய விடிய உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

வேஷம் கலைத்து மறுவாரம் வந்தவன் சின்னவள் போனை எட்டிப் பார்த்தான். குழுவாகச் சேர்ந்து சுடுகிற ஒரு விளையாட்டு. அவள் பாத்திரம் தாடி மீசையோடு ஒரு தடியன். "ஏ, இவ ஆம்பிள வேஷம்லா போட்டிருக்கா!" என்று கத்தினான். வீடே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே "ஏன் பிள்ள, உனக்கு மீசை எதுக்கு?" என்று கேட்டேன். அவள் எழுந்து நின்று, "அவன் காளியா வந்தா கால்ல விழுதீங்க. நான் மீசை வச்சா மட்டும் ஏன் எதுக்குன்னு கேக்கீங்க?" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பதினாலு வயசு. அந்த வார்த்தை எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

ராத்திரி மாடிக்குப் போய்ப் பேசினேன். முதலில் கென்ஷின் இம்பாக்டைப் பற்றித்தான் பேசினோம், அது அவளுக்கு உயிர். ஆரம்பத்திலேயே இரட்டையரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். யாரை எடுக்கிறோமோ அவர் தொலைந்துபோன உடன்பிறப்பைத் தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். அவள் அண்ணனைத்தான் எடுத்திருந்தாள். பையனாக இருக்க ஆசையோ என்று நினைத்தேன். "இல்லப்பா, அண்ணனை எடுத்தாத்தான் தங்கச்சி அந்தப் பக்கம் போவா. பெரிய ஆளா, என்ன நினைக்கான்னே புரியாத ஆளா அவதான் வரணும்" என்றாள். முக்கியமான மர்மத்தை ஒரு பெண்ணிடம் கொடுப்பதற்காகத் தன்னைப் பையனாக்கிக்கொண்டிருக்கிறாள். நான் இத்தனை வருஷம் ஆடியும் எனக்கு அப்படி ஒரு யோசனை வந்ததில்லை. சந்தோஷத்தில் அவள் தலையைத் தடவினேன்.

"அப்போ அந்தத் தாடிக்காரன்?" என்று கேட்டேன். பதில் வர நேரமானது. முதலில் பெண்ணாகத்தான், தன் பெயரைச் சுருக்கி வைத்துத்தான் ஆடியிருக்கிறாள். ஒரு நாள் மைக்கைத் திறந்து "வலது பக்கம் ரெண்டு பேர்" என்று சொல்லியிருக்கிறாள். குரலைக் கேட்டதும் ஆட்டம் நின்றுபோனது. பொண்ணா, எந்த ஊர், எந்த ஸ்கூல், நம்பர் கொடு. ஒருவன் நாலு நாள் விடாமல் பின்னாலேயே வந்திருக்கிறான். இவள் பதில் சொல்லவில்லை என்றதும் கூட இருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு, இவள் அடிபட்டு விழுந்தால் தூக்கிவிடாமல் சுற்றி நின்று கெட்ட வார்த்தை பேசியிருக்கிறான். அதற்கப்புறம்தான் தாடி, ஒரு பையன் பெயர், மைக் ஆஃப். ஏழு மாசமாக அப்படித்தான் ஆடுகிறாள். நானோ பக்கத்து அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேற்றுக் கிரகத்தில் இருந்திருக்கிறேன்.

சங்கரா, எனக்குத் தூக்கம் போனது அன்றைக்குத்தான். 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வை முன்பு படித்திருந்தேன். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுகிற 375 பேரைப் பார்த்திருக்கிறார்கள். ஆண்களில் 23 சதவீதம் பேர் பெண் பாத்திரம் எடுத்தார்கள், பெண்களில் 7 சதவீதம் பேர்தான் ஆண் பாத்திரம் எடுத்தார்கள். பெண் வேஷத்தில் ஆண்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்களாம். நடை மாறவில்லை. குதித்துக்கொண்டும் கூட்டத்தை விட்டு விலகி நின்றுகொண்டும் இருந்திருக்கிறார்கள். அப்போது நான் அந்த 23-ஐப் பார்த்து, நம்மைப் போல் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். அந்த 7-ஐ நினைக்கவே இல்லை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன காரணமோ, எனக்குத் தெரியாது. ஆனால் என் வீட்டில் இருக்கிற ஒருத்திக்கு அது ஆசையால் வந்த வேஷமில்லை. நான் பெண்ணாகப் போனால் எனக்கு எதுவும் நேராது, குரல் கேட்டால் போதும், எல்லோரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். அவள் குரல் கேட்டால் ஒளிய வேண்டியிருக்கிறது.

இதில் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் ஒன்று உண்டு. இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டி, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடுகிற டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ். 1978-ல் வந்த அதன் விதிப்புத்தகத்தில் மனிதப் பெண் பாத்திரத்தின் பலத்துக்கு ஆணை விடக் குறைவாக உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அதை எடுத்தாகிவிட்டது. 2002-ல் வந்த மாரோவிண்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில்கூட ஆண் பெண்ணுக்கு ஆரம்பப் புள்ளிகள் வேறு வேறு. 2011-ல் அதே வரிசையில் ஸ்கைரிம் வந்தபோது அந்த வித்தியாசம் இல்லை. 2022-ல் வந்த எல்டன் ரிங்கில் ஆண், பெண் என்ற சொல்லே இல்லாமல் உடல்வாகு ஏ, பி என்று வைத்துவிட்டார்கள். விதியை எழுதுகிறவர்கள் பெண்ணாக ஆடுவதற்கு வாங்கிய அபராதத்தைப் பைய எடுத்துவிட்டார்கள். கூட ஆடுகிற பயல்கள் இன்னும் வசூலிக்கிறார்கள்.

வீட்டில் சொன்னதும் போனைப் பிடுங்கி வை என்கிறாள். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். எனக்கு மனசில்லை. தப்பு செய்தவன் ஆடிக்கொண்டிருக்கிறான், இவள் ஏன் நிறுத்த வேண்டும்? ஆனால் தாடிக்காரனாகவே ஊமையாக ஆடு என்று எப்படிச் சொல்வது? அந்தப் பயலைப் பற்றி அங்கே புகார் கொடுத்திருக்கிறேன். செங்கோட்டை கிட்டப்பா சம்சாரம் கே.பி.சுந்தராம்பாள் 1935-ல் நந்தனாராக ஆண் வேஷத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்று உன் ஆச்சி சொல்லிச் சொல்லி மாய்வாளே, அதைச் சின்னவளிடம் சொன்னேன். ஒரு லட்சமா என்று வாயைப் பிளந்தாள். அப்புறம், "அவங்க பேரை மாத்தலைல்லாப்பா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

போன சனிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். டயாப்லோ 2-ஐ 2021-ல் புதுப்பித்து விட்டிருக்கிறார்களே, அதை வாங்கி, கடவுச்சொல் போட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற ஆட்டமாகத் திறந்தேன். பாத்திரங்கள் வரிசையாக நெருப்பைச் சுற்றி நிற்கிற அந்தத் திரை வந்தது. வேறு யாரும் உள்ளே வரமாட்டார்களா என்று இரண்டு தடவை கேட்டாள். வரமாட்டார்கள் என்றேன். மந்திரக்காரி சார்சரஸை எடுத்தாள். தன் சொந்தப் பெயரை, முழுப் பெயரை, வைத்தாள். இரண்டு மணி நேரம் வாய் ஓயவில்லை, "அப்பா பின்னால வா, அப்பா முட்டாத்தனமா ஓடாத" என்று ஒரே அதிகாரம்.

அதனால்தான் கேட்கிறேன். உன் மகளும் ஆடுவாள் என்று சொன்னாயே. எங்கள் சனிக்கிழமை இரவு 8 மணி உங்களுக்கு இப்போதைக்குக் காலை 10.30. அவளுக்கு ஒத்துவருமா என்று கேட்டு எழுது. தெரிந்த பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம், எட்டுப் பேர் வரை ஆடலாம். நீயும் வா. பார்பேரியனை உனக்காக விட்டுவைத்திருக்கிறோம். நான் அமேசானைத்தான் எடுப்பேன்.

அன்புடன்,
இசக்கி