அடைப்புக்குறிக்குள் அடங்காத ஓவியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நவீன கிரேக்க ஓவியம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். பிக்காசோ, வான்கோவைத் தாண்டித் தமிழில் எழுத ஆள் குறைவு என்பதால் முதலில் நன்றி. ஆனால் யானிஸ் சாரூகிஸ் பற்றிய பத்தி உறுத்தியது. மண்மணம் கமழ வரைந்தவர், மாலுமிகளையும் காபிக்கடைகளையும் வரைந்தவர் என்றெல்லாம் புகழ்ந்துவிட்டு, அவர் ஆண்களை நேசித்தவர் என்பதை மட்டும் ஏதோ வீட்டு விஷயம் போல அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். அந்த அடைப்புக்குறியை எடுத்தால்தான் இவருடைய ஓவியமே புரியும் என்பது என் கட்சி.

சாரூகிஸ் 1910-இல் பிரேயஸ் துறைமுகத்தில் பிறந்தவர். அவர் இளைஞராக இருந்த 1930-களில் கிரேக்கக் கவிஞர்களுக்கும் ஓவியர்களுக்கும் இருந்த பெரிய கவலை, எது உண்மையான கிரேக்கத்தன்மை என்பதுதான். இவரும் தேடினார். ஃபோதிஸ் கொண்டோக்ளூ என்ற ஓவியரிடம் பைசாந்தியத் திருவுரு ஓவியம், அதாவது கிரேக்கத் தேவாலயங்களில் புனிதர்களை வரையும் பழைய மரபு, கற்றார். எகிப்தின் ஃபயூம் பகுதியில் பிணப்பேழைகளோடு கிடைத்த பழைய முகச்சித்திரங்களையும், கராகியோஸிஸ் என்ற நிழற்பாவைக் கூத்தின் தட்டையான, அழுத்தமான வண்ணங்களையும் தன் கைக்குள் கொண்டுவந்தார். பாரிஸ் போய் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸையும் பார்த்துவிட்டு வந்தார்.

இவ்வளவையும் கற்றுக்கொண்டு யாரை வரைந்தார்? கப்பற்படைப் பையன்களை, சிப்பாய்களை, கடைவாசலில் சும்மா உட்கார்ந்திருக்கும் தொழிலாளிகளை. திருவுருவில் புனிதர் நம்மை நேராகப் பார்ப்பார் இல்லையா, அந்தப் பார்வையும் அந்த மரியாதையும் விடுப்பில் வந்த ஒரு சிப்பாய்க்குக் கிடைக்கின்றன. சில படங்களில் இளைஞர்களின் முதுகில் வண்ணத்துப்பூச்சிச் சிறகு முளைத்திருக்கும். காதல் தெய்வமான ஈரோஸுக்குச் சிறகு உண்டு என்பது கிரேக்கக் குழந்தைக்கும் தெரியும். அந்தச் சிறகை ஊரில் கண்ணுக்கு முன் நடமாடும் ஓர் ஆணுக்கு மாட்டிவிட்டார் இவர். நான்கு பருவங்களைப் பெண்ணுருவாக வரைவது ஐரோப்பாவில் வழக்கம். இவர் அங்கேயும் இளைஞர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஸெய்பெகிகோ ஆட்டத்தை வரைந்த படங்களைக் கட்டுரையாளர் 'நாட்டார் மரபு' என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டார். மரபுப்படி அது ஆண் ஒருவன் தனியாக, தனக்காகவே ஆடுவது. மற்ற ஆண்கள் சுற்றியிருந்து பார்ப்பார்கள். ஆண் ஆணை வெளிப்படையாக ரசிப்பதற்கு ஊரே இடம் கொடுத்த தருணம் அது. சாரூகிஸ் ஏன் அதைத் திரும்பத் திரும்ப வரைந்தார் என்பதற்கு 'நாட்டார் மரபு' பாதி பதில்தான்.

அப்புறம் 1952 விவகாரம். கட்டுரையில் அது இல்லவே இல்லை. ஏதென்ஸின் ஸாப்பியோன் மண்டபத்தில் 'ஆர்மோஸ்' என்ற ஓவியர் குழுவின் கண்காட்சி நடந்தது. உட்கார்ந்திருக்கும் ஒரு மாலுமியும் பக்கத்தில் படுத்திருக்கும் நிர்வாண ஆணும் உள்ள இவருடைய ஓவியத்தைக் கப்பற்படை எதிர்த்தது. படத்தை இறக்கிவிட்டார்கள். நிர்வாணத்துக்காகவா? அதே ஊர் அருங்காட்சியகங்களில் ஆடையில்லாத பளிங்கு இளைஞர்களைத் தேசத்தின் பெருமையாக வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். பளிங்கு பழசு, அதனால் பரவாயில்லை. சீருடை இன்றைக்கு உள்ளது, அதுதான் சங்கடம். இத்தனைக்கும் வயதுவந்த ஆண்களின் மனமொத்த உறவு குற்றமில்லை என்று கிரேக்கச் சட்டம் 1951-லேயே ஏற்றுக்கொண்டிருந்தது.

அவரை ஒதுக்கப்பட்டவராக மட்டும் காட்டினால் அதுவும் தப்பு. 1958-இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் கிரேக்கத்தின் சார்பில் கலந்துகொண்டார். அதே ஆண்டு அமெரிக்காவின் டல்லஸில் பாடகி மரியா கலாஸ் பாடிய 'மெடியா' என்ற ஆப்பரா இசை நாடகத்துக்கு அரங்கமும் உடைகளும் இவருடையவை. 1967-இல் ராணுவ ஆட்சி வந்ததும் பாரிஸுக்குப் போய்விட்டார். பிறகு 1977-இல் ஏதென்ஸில் கார் நிறுத்துமிடம் ஒன்றில், பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் 'ட்ரோஜன் பெண்கள்' நாடகத்தைத் தானே மொழிபெயர்த்து, தானே இயக்கி மேடையேற்றினார். பழம்பெருமையை இப்படிக் கையாண்டவரின் காதலையும் மரபையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடுவது சரியில்லை. 1989-இல் அவர் இறந்தார். தற்பாலினர் திருமணத்துக்குக் கிரேக்க நாடாளுமன்றம் 176 வாக்குகளோடு ஒப்புதல் தந்தது 2024-இல்தான்.

'தனிப்பட்ட வாழ்க்கை எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். மனைவியை, காதலியைத் திரும்பத் திரும்ப வரைந்த ஓவியர்களைப் பற்றி எழுதும்போது அந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. சாரூகிஸைப் பற்றி மறுபடி எழுதினால் படத்தை வண்ணத்தில் போடுங்கள். கறுப்பு வெள்ளையில் அவர் பாதி ஆளாகிவிடுகிறார். படக்குறிப்பில் 'இரு நண்பர்கள்' என்று மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி